கூட்டைக் கலைக்கும் முன்

ஹைதராபாத்தின் வடகிழக்கில், ஈ.சி.ஐ.எல். சந்திப்பிலிருந்து சிறிது தொலைவில் உள்ளது குஷாய்குடா. 1967-இல் நிறுவப்பெற்ற எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும், 1971-இல் தொடங்கிய அணு எரிபொருள் வளாகமும் பல மாநிலத்தவரை இப்பக்கம் அழைத்து வந்தன. தமிழ்க் குடும்பங்கள் பலவும் அவ்வாறு வந்தவையே. தனி வீடுகள் நின்ற இடங்களில் இன்று அடுக்ககங்கள் எழுந்துள்ளன. அவற்றின் பால்கனிகளைக் கீழிருந்து பார்த்தால், பாதிக்குமேல் வலை போர்த்திக் காணப்படுகின்றன. காரணம், மாடப்புறா.

வீட்டுக் கடன் பெற்று வாங்கிய வீட்டில், தவணையில் பங்கு கொள்ளாமலே குடியேறும் விருந்தாளி அது. எங்கள் மூன்றாம் மாடி வீட்டிலும் குடியேறியது. ஏ.சி.யின் வெளிப்பெட்டிக்கும் சுவருக்கும் இடையிலிருந்த ஒரு சாண் இடைவெளியில் பத்துப் பன்னிரண்டு குச்சிகள். அவற்றின்மேல் இரண்டு வெள்ளை முட்டைகள். வலை கட்ட வந்த தொழிலாளி அவற்றைப் பார்த்ததும், "எடுத்து எறிந்துவிட்டுக் கட்டிவிடுகிறேன், அரை மணி நேர வேலை" என்றார். அவ்வளவு எளிதாக நாங்கள் சரி என்று சொல்லியிருப்போம். தடுத்தது எங்கள் அம்மா. இத்தனைக்கும், அந்தக் கூட்டினால் துன்பப்பட்டவரும் அவரே. அவருக்கு ஆஸ்துமா உண்டு. அந்த ஜன்னலை ஒட்டியே அவருடைய கட்டில் இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று அப்போதுதான் தேடிப் பார்த்தோம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்ற சொல்லுக்குத் தரும் பொருள் பலருக்கும் வியப்பளிக்கும். துப்பாக்கியும் கண்ணியும் மட்டும் வேட்டையல்ல; காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும்கூட வேட்டையே. பட்டியலில் இடம்பெற்ற உயிரினங்களுக்கு இத்தடை பொருந்தும். காடு என்றும் வீடு என்றும் சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. துணிக்கொடியில் தொங்கும் தேன்சிட்டின் கூடு, பூந்தொட்டியில் சின்னான் கட்டிய கூடு, தண்ணீர்த் தொட்டியின் அடியில் கூகை வளர்க்கும் குஞ்சுகள் ஆகியவற்றில் கை வைக்கும் முன் இருமுறை எண்ண வேண்டும். கூகையை அபசகுனம் என்று விரட்டுவோர் இன்னும் உள்ளனர். எலி பிடிப்பதில் அதற்கு நிகரில்லை என்பதை அவர்களுக்கு யாரேனும் சொல்லவேண்டும்.

மாடப்புறாவின் நிலை சற்று வேறு. பழைய பட்டியலில் புறாக் குடும்பம் முழுவதையும் சேர்த்தபோது, இந்த ஓர் இனத்தை மட்டும் விலக்கியிருந்தனர். பட்டியல்கள் 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மாற்றியமைக்கப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஆகவே பழைய செவிவழிச் செய்தியை நம்பாமல், எந்தப் பறவையாயினும் மாநில வனத்துறையிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்வது நல்லது. அதற்கும் அப்பால், 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. குஞ்சுகளை உள்ளே வைத்து வலையை மூடிவிடுவதும், பறவையின் கால் ஒட்டிக்கொள்ளும் பசையைத் தடவுவதும் வதையன்றி வேறென்ன?

ஆனால் அம்மாவின் மூச்சு? புறாவின் எச்சம் உலர்ந்து தூளாகும்போது, கிரிப்டோகாக்கஸ் போன்ற பூஞ்சைகள் காற்றில் கலக்கக்கூடும். எச்சமும் இறகுத்தூளும் நெடுநாள் மூச்சில் சென்றால் சிலருக்கு நுரையீரல் அழற்சியும் உண்டாகும். மருத்துவர் தெளிவாகச் சொன்னார்: கூடு இருக்கும் வரை அம்மா அந்த அறையில் இருக்கக்கூடாது. கணக்குப் போட்டோம். முட்டை பொரிக்க ஏறத்தாழ 18 நாள். குஞ்சு பறக்க மேலும் ஒரு மாதம். ஆக ஒன்றரை மாதம். அம்மாவின் கட்டில் கூடத்திற்கு மாறியது. ஜன்னல் இடுக்குகளை நாடா ஒட்டி அடைத்தோம். அந்த அறையின் ஏ.சி.யை ஓட விடவில்லை. அது வெயில் காலம் என்பதையும் சொல்லியாகவேண்டும்.

அந்நாட்களில் எங்களுக்குச் சிவகங்கை மாவட்டத்துப் பொத்தகுடி அடிக்கடி நினைவுக்கு வந்தது. 2020-இல் அவ்வூரின் தெருவிளக்குகளை இயக்கும் மின்பெட்டிக்குள் ஒரு சிறு பறவை கூடு கட்டி முட்டையிட்டது. பெட்டியைத் தொடாமல், ஊரார் ஒரு மாதத்திற்கும் மேல் தெருவிளக்கு இன்றியே இருந்தனர். ஊரே இருளில் நடந்தது. எங்களுக்குப் போனது ஓர் அறைதான்.

குஞ்சுகள் இரண்டும் பறந்தபின் மேலும் இரண்டு நாள் காத்திருந்தோம். புறா காலம் தாழ்த்தாமல் அடுத்த முட்டையை இடும் பறவையாதலால் அதற்கு மேல் காத்திருப்பதும் ஆகாது. சுத்தம் செய்வதில்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர். உலர்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூள் முழுவதும் வீட்டுக்குள் வரும். முதலில் சோப்பு நீரோ கிருமிநாசினியோ தெளித்து நன்றாக ஊறவிட்டு, என்-95 முகக்கவசமும் கையுறையும் அணிந்து, ஈரமாகவே வழித்தெடுத்துப் பையில் கட்டவேண்டும். அம்மாவை அன்று உறவினர் வீட்டிற்கு அனுப்பிவிட்டோம். வெளிப்பெட்டியின் பக்கம் சுவர்விளிம்பில் நின்று எட்டுவது நம் வேலையன்று. பாதுகாப்புக் கயிறு கட்டிய தொழிலாளியே அதைச் செய்தார்.

பிறகே வலை. புறாவுக்கு 5 செ.மீ. கண் போதும், சிட்டுக்குருவியும் நுழையக்கூடாதெனில் 2 செ.மீ. அளவுக்கு நெருக்கமாக வேண்டும். தளர்ந்த வலை பறவைக்குத் தூக்குக் கயிறாகும் என்பதால் இழுத்துக் கட்டி, கிழிசல் உண்டா என்று மாதம் ஒருமுறை பார்க்கிறோம். வலை கட்ட இயலாத சன்ஷேடு விளிம்பில் சாய்ந்த பலகை ஒன்று பொருத்தினோம். 45 பாகைக்கு மேல் சரிவிருந்தால் புறாவால் அதில் அமர இயலாது. அடுக்ககச் சங்கத்தில் பேசி, எல்லா வீடுகளுக்கும் ஒரே முறையில் கட்டினால் செலவு குறையும். ஒரு வீட்டுக்கு மட்டும் கட்டினால் புறா பக்கத்து வீட்டுக்குப் போகும், அவ்வளவே.

எங்களுக்கு நடந்ததும் அதுவே. அம்மா தம் அறைக்குத் திரும்பிய வாரத்தில், எதிர் வீட்டார் வலை கட்டும் தொழிலாளியின் எண்ணைக் கேட்டு வந்தனர். முட்டை இருக்கிறதா என்று முதலில் பார்த்துவரும்படி அம்மா அவர்களைத் திருப்பி அனுப்பினார். இரண்டு இருந்தன.