மனம் மறந்தாலும் நா மறவாது

கொங்கு நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் ஏழனுள் ஒன்று, காவிரிக் கரையிலுள்ள கொடுமுடி. தாம் மறந்தாலும் தம் நா ஐந்தெழுத்தை ஓதும் என்று சுந்தரர் இறைவனிடம் விண்ணப்பித்த தலம் இது.

மறதி இன்றும் பலரை அஞ்ச வைக்கிறது. பேரூரிலோ மருதமலையிலோ எதிர்ப்படும் உறவினரின் பெயர் நினைவுக்கு வராதபோது, இது மறதி நோயோ என முதியோர் கலங்குகின்றனர். ஒருவரது முகமோ ஊரோ தொழிலோ அவர் பெயரைச் சுட்டுவதில்லை. ஆகவே மற்றவை நினைவிருக்க, பெயர் மட்டும் நழுவுவது இயல்பே. பெரும்பாலும் சற்று நேரத்தில் தானே நினைவுக்கு வந்துவிடும்.

ஆனால், பெற்ற மக்களையே அறியாமை, கேட்டதையே மீண்டும் மீண்டும் கேட்டல், நாள்தோறும் செல்லும் கோயிலுக்கே வழி தடுமாறுதல், பணக் கணக்கில் குழப்பம் ஆகியவை தோன்றினால் மருத்துவரை நாட வேண்டும். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி நேரலாம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ‘வயதானால் அப்படித்தான்’ என வீட்டார் வாளாவிருத்தலாகாது.

நோயுற்ற பின்னும், இளமையில் மனனம் செய்த பாடல்களைப் பலர் பாடுவதுண்டு. ஆதலின், “நான் யாருன்னு சொல்லுங்க, அப்புச்சி” என்று சோதிக்காமல், தம் பெயரைத் தாமே சொல்லி, அருகமர்ந்து பெரியவரோடு ஒரு பதிகம் ஓதுவதே அன்பு.