பள்ளிக்கூடப் பஞ்சாங்கம்

பஞ்சாங்கம் கணிப்போரும் ஊருக்கேற்பச் சூரியோதய நாழிகையைத் திருத்திக் கொள்வர். நமது கல்வி இலாகாவோ வால்பாறைக்கும் வேதாரணியத்திற்கும் ஒரே கால அட்டவணையை வகுத்துத் திருப்தியடைகிறது. ஆனி, ஆடியில் மேற்கு மலைகளில் மழை கொட்டுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் நாகை, கடலூர்க் கரைகளைப் புயலும் வெள்ளமும் தாக்குகின்றன. வெள்ளம் வந்த பிறகு கலெக்டர் விடுமுறை விடுகிறார்; இழந்த நாட்களைச் சனிக்கிழமைகளில் ஈடு செய்கிறார்கள். வருஷந்தோறும் வரும் மழைக்கு முன்னேற்பாடு செய்தலன்றோ நிர்வாகம்!

இதனினும் கொடியது செங்கற்சூளைத் தொழிலாளரின் பிள்ளைகள் நிலை. சூளைகள் எரிவது வறண்ட மாதங்களில். ஆண்டுத் தேர்வு நடப்பதும் அம்மாதங்களிலேயே. பெற்றோருடன் புறப்படும் பிள்ளை ஓராண்டுப் படிப்பைப் பாதியில் விட்டுச் செல்கிறது.

இதற்குப் புதிய சட்டம் வேண்டுவதில்லை. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரை 200 நாட்களும், ஆறு முதல் எட்டு வரை 220 நாட்களும் பள்ளி நடக்க வேண்டுமென்கிறது. அச்சட்டத்தின் 9-ம் பிரிவு, கல்வியாண்டின் கால அட்டவணையை முடிவு செய்வதையும், இடம் பெயரும் குடும்பத்துப் பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்ப்பதையும் ஸ்தல ஸ்தாபனங்களின் கடமைகளாக விதித்திருக்கிறது. ஏட்டிலுள்ள இவ்வதிகாரம் ஊருக்கு வந்து சேரவில்லை.

பொதுத் தேர்வு குலையுமென்று சிலர் அஞ்சலாம். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு முடியப் பொதுத் தேர்வே இல்லையாதலின் இவ்வச்சம் வீண்.

ஆனால் ஒன்றில் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். 1953-ல் ராஜாஜி மந்திரிசபை ஆரம்பப் பள்ளி நேரத்தைக் குறைத்தது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பின் பின், 1954-ல் காமராஜர் ஆட்சியில் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஏழைப் பிள்ளையின் படிப்பு நேரத்தைச் சுருக்குவது சீர்திருத்தமாகாது. விடுமுறையை இடம் மாற்றலாம். 200 நாட்களில் ஒன்றும் குறையலாகாது. சூளையுள்ள ஊர்ப் பள்ளி, வந்த பிள்ளையை அன்றே சேர்த்துப் புத்தகமும் உணவும் அளித்தல் வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுக்களில் முக்காற் பங்கினர் பெற்றோர். அவர்கள் உபாத்தியாயர்களுடன் கூடித் தத்தம் ஊருக்கேற்ற அட்டவணையை வகுத்துக் கேட்கட்டும். மே 1-ந் தேதி கிராம சபைகள் கூடும். பள்ளிகள் திறப்பதோ ஜூனில். தேசத் தொண்டர்கள் அன்றைய தினமே இதனைத் தீர்மானமாக நிறைவேற்றி அரசாங்கத்திற்கு அனுப்புவார்களாக.