வாடகை வீட்டுக் குளியலறைத் தரை

வாடகை வீடென்றாலும் நாம் வாழும் வீடுதான். அதிலும் குளியலறை, நாளும் ஐவேளை வுழூச் செய்யும் இடம். ஹட்டன், நுவரெலியா போன்ற மலையக நகரங்களில் மாடி வீடுகளில் வாடகைக்கு இருக்கும் சகோதரிகள் சிலர், "டைல்ஸ் கறுத்து அசிங்கமாகக் கிடக்கிறது; உடைத்து மாற்றலாமா?" என்று கேட்பதுண்டு.

வாடகை கொடுப்பவருக்கு உரியது வீட்டின் பயன் மட்டுமே. தரையும் சுவரும் சொந்தக்காரரின் உடைமை. நம் கையில் அமானத். அவருடைய சம்மதமின்றி டைல்ஸைப் பெயர்ப்பதோ, அதன்மேல் நிலையான பூச்சுப் பூசுவதோ கூடாது. சம்மதித்தாலும், செலவு யாருடையது, வாடகையில் கழிக்கப்படுமா என்பதை எழுதிக் கொள்ளுங்கள். கடனை எழுதிவைக்கும்படி அல்பகராவின் 282ஆம் வசனம் பணிக்கிறது. அந்தப் பழக்கம் இங்கும் பிணக்கைத் தடுக்கும். 2022 நெருக்கடியின்போது சீமெந்தும் டைல்ஸும் என்ன விலைக்கு ஏறின என்பதை நாம் மறக்கவில்லை. பிறர் வீட்டில் அவ்வளவு பணத்தைப் போடுமுன் யோசிக்க வேண்டும்.

உண்மையில் அசிங்கம் பெரும்பாலும் டைல்ஸில் இல்லை, அதன் இடுக்குகளில்தான். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிடுகிறோம். ஈரம் காயாமல் இடுக்குச் சீமெந்தில் பூஞ்சணம் பிடிக்கிறது.

ஆகவே முதல் வேலை தேய்த்துக் கழுவுவது. சலவைக்கான குளோரின் திரவத்தைப் போத்தலில் உள்ள அளவுப்படி தண்ணீரில் கலந்து இடுக்குகளில் ஊற்றி, சிறிது நேரம் கழித்துப் பிரஷ்ஷால் தேய்த்து அலசுங்கள். ஜன்னலும் கதவும் திறந்திருக்கட்டும். மலசலகூடம் கழுவும் அசிட்டை அதனுடன் ஒருபோதும் கலக்காதீர்கள்! அதிலிருந்து எழும் குளோரின் வாயு, மூடிய சிறிய அறையில் உயிருக்கே ஆபத்து. அசிட் இடுக்குச் சீமெந்தையும் அரித்துவிடும்.

கழுவியும் கறை போகாவிட்டால், சொந்தக்காரரிடம் கேட்டு, இடுக்கை மட்டும் சுரண்டிப் புதிய கிரவுட் நிரப்பலாம். செலவு குறைவு, தரையே புதிதுபோலத் தெரியும்.

டைல்ஸ் பெயின்ட் பூச நினைப்பவர்கள் கவனியுங்கள். அது இறுக நல்ல காய்ச்சலும் வெப்பமும் வேண்டும். நம் குளிரில் சரியாக இறுகாமல் சில மாதங்களில் உரியும். ஒட்டும் பிளாஸ்டிக் விரிப்பின் அடியிலோ தண்ணீர் புகுந்து தேங்கும். அழுக்குத் தண்ணீர் அடியில் நிற்கும்போது மேலே எவ்வளவு அழகிருந்தும் சுத்தம் ஏது?

துளையுள்ள, ஒன்றோடொன்று கோத்துப் போடும் பிளாஸ்டிக் தட்டுகள் இதைவிட மேல். தண்ணீர் வடிந்தோடும், வாரமொருமுறை தூக்கிக் கழுவலாம், வீடு மாறும்போது எடுத்துச் செல்லலாம். வழுக்காத வகையாகப் பார்த்து வாங்குங்கள். வயதான உம்மாவும் கர்ப்பிணிப் பெண்ணும் ஸுப்ஹு நேரத்து இருட்டில் கால் வைக்கும் இடமல்லவா?

முதலில் சுத்தம், அடுத்துப் பாதுகாப்பு, பிறகே அழகு. இந்த வரிசையில் செய்தால் வீட்டைத் திருப்பிக் கொடுக்கும் நாளில், பெற்றதைவிட நல்ல நிலையில் அமானத்தை ஒப்படைத்தவர்களாவோம்.