வடக்கே ஒரு தராசு – 9: மூக்கை அளந்தவர்

எண்ணூர்க் காற்றைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் போகிறேன். ஆனால் காற்று மூக்கு வழியாகத்தானே உள்ளே போகிறது! அந்த மூக்கிலேயே இந்த வாரம் நின்றுவிட்டேன். சென்ற வாரம் ராயபுரத்துக் குத்துச்சண்டை, எடைப் பிரிவுகள். உடம்புகள் ஒன்றுபோல இல்லை என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் அங்கே நியாயமான சண்டை தொடங்குகிறது என்ற இடத்தில் விட்டிருந்தேன். தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது போதும்.

எட்கர் தர்ஸ்டன் 1885இல் சென்னைக்கு வந்தார். லண்டனில் மருத்துவம் படித்தவர். எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் பொறுப்பு. முதலில் அவர் ஆராய்ந்தது நம் கடலைத்தான். முத்துக் குளிப்பு, சங்கு குளிப்பு, ராமேசுவரத்துக் கடல் உயிரினங்கள் என்று எழுதிக்கொண்டிருந்தவர் மெல்ல மனிதர்கள் பக்கம் திரும்பினார். 1901இல் ஆங்கில அரசு இந்தியா முழுவதும் இனவரைவியல் கணக்கெடுப்பு தொடங்கியபோது சென்னை மாகாணம் அவர் கைக்கு வந்தது. 1909இல் ஏழு பெரிய தொகுதிகள் வெளிவந்தன. தமிழில் ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ என்று நூலகங்களில் கிடைக்கிறது. கே. ரங்காச்சாரி உடனிருந்து உழைத்த நூல். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை வலை இழுக்கும் நம் மக்களுக்கும் ‘பட்டினவர்’ என்ற தலைப்பில் அதில் இடம் உண்டு. சடங்கு, திருமணம், பட்டப்பெயர் என்று அவர் சேர்த்துவைத்த தகவல்களில் பல வேறெங்கும் கிடைக்காதவை. அதை மறுக்க எனக்கு மனமில்லை.

என் சண்டை அவருடைய பெட்டியோடு. அந்தப் பெட்டிக்குள் தலையை, முகக்கோணத்தை, மூக்கை அளக்கும் கருவிகள் இருந்தன. முகக்கோணக் கருவியைக் கண்டாலே சித்திரவதைச் சாமான் என்று மக்கள் மிரண்டார்களாம். ஒருவர் அளவெடுக்கும்போதே திமிறிக்கொண்டு, கருவி கழுத்தில் மாட்டியபடியே குடிசைக்கு ஓடியிருக்கிறார். வயநாட்டில் பணியர் பெண்கள் அவரைப் பார்த்ததும் ஓடினார்கள். தங்களில் நல்ல உடற்கட்டு உள்ளவர்களைப் பிடித்துப் பாடம் செய்து சென்னை அருங்காட்சியகத்தில் நிறுத்திவிடுவார் என்ற பயம். இவற்றையெல்லாம் தர்ஸ்டனே தன் முன்னுரையில் வேடிக்கைபோல எழுதியிருக்கிறார். எனக்கு வேடிக்கையாகப் படவில்லை. தங்களைப் பொருளாக மாற்ற ஒருவர் வந்திருக்கிறார் என்பதை அந்தப் பெண்கள் சரியாகத்தான் உணர்ந்தார்கள்.

மூக்கு ஏன் அவ்வளவு முக்கியம்? அந்தக் காலத்து மானிடவியலில் மூக்குக் குறியெண் என்று ஒன்று. மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். 70க்குக் கீழே வந்தால் ஒடுங்கிய மூக்கு. 70 முதல் 85 வரை நடுத்தரம். அதற்கு மேலே அகன்ற மூக்கு. இதோடு நின்றிருந்தால் யாருக்கும் கேடில்லை. வங்காளத்தில் அளந்த ஹெர்பர்ட் ரிஸ்லி 1891இல் ஒரு படி மேலே போனார். மூக்கு எவ்வளவு ஒடுங்கியதோ அவ்வளவு சமூகத்தில் உயர்வு, எவ்வளவு அகன்றதோ அவ்வளவு தாழ்வு என்று அதை ஒரு விதியாகவே எழுதினார். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு அவர்தான் ஆணையர்.

இங்கே ரூசோவை ஒரு நிமிடம் கூப்பிட வேண்டும். மனிதருக்குள் ஏற்றத்தாழ்வு எங்கிருந்து வந்தது, அதற்கு இயற்கையின் அனுமதி உண்டா என்று பிரான்சில் திஜோன் நகரக் கல்விக்கழகம் ஒரு போட்டி வைத்தது. அதற்கு எழுதி 1755இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் ஏற்றத்தாழ்வுகள் இரண்டு வகை என்று பிரித்தார். வயது, உடல்நலம், பலம் போன்றவற்றில் இயற்கை வைத்த வேறுபாடு ஒன்று. பணம், பதவி, அதிகாரம் என மனிதர்கள் தங்களுக்குள் ஏற்படுத்திக்கொண்டது இன்னொன்று. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்பதே எஜமானர் காதில் விழும்படி அடிமைகள் பேசுவதற்குரிய கேள்வி என்று ஒதுக்கிவிட்டு மேலே போனார். ரிஸ்லி போகவில்லை. இரண்டும் ஒன்றுதான், மில்லிமீட்டரில் காட்டுகிறேன் என்றார். இந்தத் தொடரின் கேள்விக்கு, மனிதர் இயற்கையில் சமமா இல்லையா என்பதற்கு, இவ்வளவு துணிச்சலாக எண்ணில் பதில் சொன்னவர் இந்த நாட்டில் வேறொருவர் இல்லை.

சரி, எண்ணையே பார்ப்போம். தர்ஸ்டனின் அட்டவணையில் வேளாளருக்குச் சராசரி ஏறக்குறைய 73. சென்னை நகரத் தமிழ்ப் பிராமணருக்கு 77க்கு அருகில். பறையர் என்று அவர் பதிந்த மக்களுக்கு 80. ரிஸ்லியின் விதி இங்கேயே சறுக்குகிறது: வருண வரிசையில் உச்சியில் இருப்பவரின் மூக்கு, கீழே வைக்கப்பட்ட வேளாளரின் மூக்கைவிட அகலம். இன்னொன்றும் இருக்கிறது, இந்த வாரம் முழுக்க என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது. 77க்கும் 80க்கும் நடுவே உண்மையில் எவ்வளவு தூரம்? மூக்கு 45 மில்லிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலம் 36 மி.மீ. என்றால் குறியெண் 80. அகலம் 34.5 என்றால் 77க்குச் சற்றுக் கீழே. ஒன்றரை மில்லிமீட்டர்! தெருவின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும், கிணற்றுக்கும் குளத்துக்கும், கோயில் வாசலுக்கும் கருவறைக்கும் நடுவே இயற்கை போட்ட வேலி என்று சொல்லப்பட்டது ஒன்றரை மில்லிமீட்டர். அதுவும் ஒரு சாதிக்குச் சில பத்துப் பேரை நிறுத்தி எடுத்த சராசரிக்குள். ஒரே சாதிக்குள் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் உள்ள வித்தியாசம் இதைப்போலப் பல மடங்கு.

இதை யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் என்றிருந்தது. திருவொற்றியூரில் எனக்குத் தெரிந்த லேத்து பட்டறை ஒன்று உண்டு. அங்கே நாள் முழுக்க வெர்னியரைக் கையில் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பவரிடம் போய், “அண்ணே, இதால மூக்கை அளக்க முடியுமா?” என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. வெர்னியரை என் மூக்கில் வைத்தே காட்டினார்.

“இது இரும்ப அளக்கற சாமான் சார். மூக்கு சதை. கொஞ்சம் அழுத்துனா ஒரு கணக்கு, லேசா வெச்சா ஒரு கணக்கு. ரெண்டு பேரு அளந்தா ரெண்டு ரீடிங் வரும்.”

“எவ்ளோ வித்தியாசம் வரும்ணே?”

“ரெண்டு எம்.எம். ஈஸியா வரும். ஷாஃப்ட்ல நான் அப்படி உட்டேன்னா பேரிங்கே ஏறாது.”

ஒரு மாகாணத்தின் மனிதர்களைத் தரம் பிரித்த அளவின் நம்பகம் இவ்வளவுதான். எலும்பின் மேல் சதை, சதையை அழுத்தும் விரல், அந்த விரலுக்குச் சொந்தக்காரர் ஏற்கெனவே மனதில் வைத்திருந்த விடை.

தர்ஸ்டன் தன் தொகுதிகளை முடித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே சென்னையில், ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ஒரு வார இதழ் நடத்தினார். 1907 ஜூனில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’. சித்த மருத்துவர், பாலியும் சமஸ்கிருதமும் கற்றவர். தாழ்த்தப்பட்டோர் என்று பதியப்பட்ட மக்கள் பூர்வத்தில் பௌத்தர்கள், அவர்களுடைய தாழ்வு பின்னால் சூழ்ச்சியால் சுமத்தப்பட்டது என்று வாரா வாரம் எழுதினார். அவருடைய வரலாற்று முடிவுகள் ஒவ்வொன்றையும் இன்றைய ஆய்வாளர்கள் ஏற்கிறார்களா என்பது தனி விவாதம். கேள்வியை வைத்த விதத்தில் அவர் தர்ஸ்டனைவிடக் கூரியவர் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எழும்பூரில் ஒருவர் ஏற்றத்தாழ்வை முகத்தில் தேடிக்கொண்டிருந்தபோது, ராயப்பேட்டையில் ஒருவர் அதை வரலாற்றில் தேடினார்.

கடைசியாக அந்தக் கருவியைப் பிடுங்கித் திருப்பிப் பிடித்தவர் அம்பேத்கர். தீண்டத்தகாதவர்கள் யார் என்று 1948இல் அவர் எழுதிய நூலில், சமூகவியலாளர் ஜி. எஸ். குர்யே தொகுத்திருந்த மூக்கு அளவுகளை எடுத்துக்கொண்டார். மாகாணம் மாகாணமாக ஒப்பிட்டார். பிராமணரும் தீண்டத்தகாதவரும் ஒரே இனத்தவர் என்றுதான் இந்த அளவுகள் சொல்கின்றன. ஒருவர் ஆரியர் என்றால் மற்றவரும் ஆரியர், ஒருவர் திராவிடர் என்றால் மற்றவரும் திராவிடர் என்று முடித்தார். மூக்களவையை அவர் தூக்கி எறியவில்லை. அதன் வாயாலேயே உண்மையைச் சொல்லவைத்தார்.

அப்படியானால் மூக்கின் அகலத்துக்கு ஒரு பொருளும் இல்லையா? இருக்கிறது, அதுதான் அழகு. ஈரமும் வெப்பமும் உள்ள இடத்து மூக்கு அகன்றும், குளிரும் வறட்சியும் உள்ள இடத்து மூக்கு ஒடுங்கியும் இருக்கிறது என்று 1923இல் தாம்சனும் பக்ஸ்டனும் உலகம் முழுவதிலிருந்தும் அளவுகளைச் சேர்த்துக் காட்டினார்கள். 2017இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அர்ஸ்லான் சைதியும் மார்க் ஷ்ரைவரும் அவர்களது குழுவும் முப்பரிமாணப் படங்களைக் கொண்டு இதை மறுபடி சோதித்தார்கள். தெற்காசிய வம்சாவளியினரும் அதில் இருந்தார்கள். மூக்குத் துளையின் அகலம், மூதாதையர் வாழ்ந்த இடத்தின் வெப்பத்தோடும் காற்றின் ஈரப்பதத்தோடும் ஒத்துப்போனது.

காரணம் எளிது. நாள் ஒன்றுக்குப் பத்தாயிரம் லிட்டருக்கு மேல் காற்று நம் மூக்கு வழியாகப் போகிறது. போகிற வழியில் அதைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசி நீக்கித்தான் தொண்டைக்குக் கொடுக்க வேண்டும். பனிப்பிரதேசத்தில் காற்று ஒடுங்கிய வழியில் ஈரச் சுவரை உரசிக்கொண்டு போவது நல்லது. நம் கடற்கரையில் காற்றே சூடாக, ஈரமாகத்தான் வருகிறது. மூக்குக்கு அந்த வேலை குறைவு. அகன்ற மூக்கு என்று ஏளனம் செய்யப்பட்டது இந்த வெயிலுக்கும் இந்த ஈரத்துக்கும் பொருந்திய மூக்கு. இயற்கை வேறுபாட்டைத் தந்திருக்கிறது, மறுக்க வேண்டியதில்லை. அதில் மேல் கீழ் என்று எழுதி அனுப்பவில்லை.

இப்போது எண்ணூர். 2023 டிசம்பர் 26. சுனாமி வந்து 19 ஆண்டு நிறைந்த நாள். நம் கரையில் கடலில் பால் ஊற்றிப் பூத்தூவி இறந்தவர்களை நினைக்கும் நாள். அன்று இரவு நள்ளிரவை நெருங்கும்போது, கப்பலிலிருந்து கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஆலை வாசலருகே காற்றில் அம்மோனியா ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பதிவு செய்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 400. அதன்பின் அந்தக் குப்பங்களின் மக்கள் ஆலையைத் திறக்கக் கூடாது என்று பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள்.

அம்மோனியா தண்ணீரில் சட்டென்று கரையும் வாயு. அதனால் ஈரமான இடத்தைத்தான் முதலில் பிடிக்கும்: கண், மூக்கு, தொண்டை. காற்றைப் பதப்படுத்த இயற்கை நமக்கு வைத்த அந்த ஈரமே அன்றிரவு எரிந்தது. அந்தக் காற்றுக்கு முன்னால் குறியெண் 73 என்ன, 95 என்ன? எந்த மூக்கானாலும் எரிந்திருக்கும். அன்று கேட்க வேண்டிய கேள்வி எந்த மூக்கு என்பதல்ல, யாருடைய மூக்கு அங்கே இருந்தது என்பது. அதைத் தீர்மானித்தது பிறப்பின் உடற்கூறு இல்லை. மணலியில் சுத்திகரிப்பு ஆலை, அத்திப்பட்டில் அனல்மின் நிலையம், முகத்துவாரத்தை ஒட்டித் துறைமுகம் என்று ஒவ்வொன்றாக வடக்கே கொண்டுவந்து வைத்த அரசாணைகளும் வரைபடங்களும் தீர்மானித்தன. ரூசோ சொன்ன இரண்டாவது வகை.

அம்மோனியா மூக்கோடு சண்டை போடும், ஆளை உடனே எழுப்பி ஓடவைக்கும். அனல்மின் நிலையத்துச் சாம்பலின் நுண்துகள் அப்படியில்லை. மூக்கின் எல்லாக் காவலையும் கடந்து சத்தமில்லாமல் நுரையீரலின் அடிவரை போய்விடும். இந்த வாரம் எழுத வேண்டியது அதுதான்; பக்கம் முடிகிறது. அடுத்த வாரம் நுரையீரலை அளக்கும் கருவியிலிருந்தே தொடங்குகிறேன். குழாயில் ஊதச்சொல்லும் ஸ்பைரோமீட்டர். 1846இல் ஜான் ஹட்சின்சன் உலகுக்குச் சொன்னது. தர்ஸ்டனின் பெட்டியில் இருந்த நோய் அதற்குள்ளும் உண்டு. அடிமைகளின் நுரையீரல் பிறவியிலேயே குறைவானது என்று 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதினார். அந்தக் கழிவு ‘இனத் திருத்தம்’ என்ற பெயரில் கருவியின் கணக்குக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. இனம் பார்த்துக் கணக்கிட வேண்டாம் என்று அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் பரிந்துரைத்தது 2023இல்தான். எண்ணூரில் ஆண்டுக்கணக்கில் சாம்பலை மூச்சிழுத்த ஒருவர் ஊதும்போது, இந்தியருக்கு இயல்பே இவ்வளவுதான் என்று முன்கூட்டியே கழித்துவிட்டால், அவர் இழந்ததில் எவ்வளவு கணக்குக்கு வராமல் போகும் என்பதை எண்களோடு பார்ப்போம். திருவொற்றியூர், எண்ணூர், மணலிப் பக்கம் இந்தச் சோதனை செய்துகொண்ட வாசகர்கள் அதற்குள் சீட்டை எடுத்து வையுங்கள். வயது, உயரம், எடை இருக்கும் வரிகளுக்குப் பக்கத்தில் இனம் என்று ஒரு கட்டம் இருந்தால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து வையுங்கள்.