பேரப்பிள்ளை வீட்டில் இருக்கிறதா? இதெல்லாம் தெரியுமா?

மகனும் மருமகளும் காலையில் வேலைக்குக் கிளம்பியதும் வீட்டில் மிஞ்சுவது நானும் இரண்டு வாண்டுகளும். பேத்திக்கு ஐந்து வயது, பேரனுக்கு இரண்டு. மணி ஒன்பதரை. மாலை ஆறு வரைக்கும் இதுகளை எப்படிச் சிரிக்கச் சிரிக்க வைத்திருப்பது? இந்தக் கவலையில்தான் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அடேயப்பா! கையில் கிடைத்ததையெல்லாம் உங்களிடம் கொட்டாமல் இருக்க முடியவில்லை.

முதல் ஆச்சரியம் நாமேதான். பிள்ளை பெறும் வயது முடிந்த பிறகும் பல பத்தாண்டுகள் வாழ்கிற உயிரினங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், தெரியுமா? மனிதர்கள், அப்புறம் ஓர்க்கா போன்ற சில திமிங்கில வகைகள். இயற்கை ஏன் நம்மை இப்படி நீண்ட நாள் விட்டுவைத்தது? தான்சானியாவின் ஹட்சா மக்களிடையே ஆய்வு செய்த மானுடவியலாளர் கிறிஸ்டன் ஹாக்ஸ், அங்கே பாட்டிமார் கல்லாங்கட்டாந்தரையைத் தோண்டிக் கிழங்கு எடுத்துப் பேரப்பிள்ளைகளுக்கு ஊட்டுவதைக் கண்டார். அடுத்த குழந்தை பிறந்ததும் தாயின் கவனம் அதன் பக்கம் போய்விடும். அப்போது மூத்ததைத் தாங்கிப் பிடிப்பது பாட்டிதான். நம் இனத்தின் நீண்ட ஆயுளுக்கே அது காரணமாக இருக்கலாம் என்பது அவர் வாதம். அறிவியலில் அதற்குப் பெயரே 'பாட்டிக் கருதுகோள்'!

இன்னொன்று கேளுங்கள். 2021-இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரில்லிங் குழுவினர் 50 பாட்டிமாரின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். பேரப்பிள்ளையின் படத்தைக் காட்டியபோது, அடுத்தவர் உணர்ச்சியை அப்படியே தன்னுடையதாக உணர வைக்கும் பகுதிகள் துடித்தெழுந்தன. பெற்ற பிள்ளையின் படத்தைக் காட்டினால்? அவர் என்ன நினைக்கிறார் என்று யோசித்துப் புரிந்துகொள்ளும் பகுதிகள் கூடுதலாக வேலை செய்தன. பேரன் சிரித்தால் நமக்கும் சிரிப்பு வருகிறது, அவன் விழுந்தால் நம் முட்டி வலிக்கிறது. வெறும் பேச்சில்லை இது!

சரி, விளையாட்டுக்கு வருவோம். பிள்ளைத்தமிழ் என்று ஓர் இலக்கிய வகை இருக்கிறதே, அதன் பத்துப் பருவங்களும் குழந்தை வளர்ச்சி அட்டவணை மாதிரியே இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? ஐந்தாம் மாதம் செங்கீரை: கையூன்றித் தலை தூக்கி ஆடுவது. ஒன்பதாம் மாதம் சப்பாணி: இரு கையும் சேர்த்துக் கொட்டுவது. இன்றைய குழந்தை மருத்துவரும் கைதட்டலை ஏறக்குறைய ஒன்பது முதல் பன்னிரண்டு மாதத்துக்குள்தான் எதிர்பார்க்கிறார்! 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன் மேல் பிள்ளைத்தமிழ் பாடினார். குழந்தையை அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டே இருந்த யாரோ ஒரு ஆச்சியோ அம்மாவோ இல்லாமல் இந்த வரிசை வந்திருக்குமா?

முந்தானையால் முகத்தை மூடி "ஆச்சியக் காணோமே... இந்தா இருக்கேன்!" என்கிறோமே, அது எவ்வளவு பெரிய பாடம் தெரியுமா? கண்ணில் படாத பொருளும் எங்கோ இருந்துகொண்டுதான் இருக்கிறது என்பது சின்னஞ்சிறு குழந்தைக்குத் தெளிவாகத் தெரியாது. எட்டு மாத வாக்கில் அது கைகூடுகிறது என்று எழுதினார் சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே. அந்தக் குட்டி மனசுக்கு ஒவ்வொரு "இந்தா"வும் ஒரு கண்டுபிடிப்பு. நூறு தடவை செய்தாலும் சலிக்காமல் சிரிக்கிறதே, காரணம் புரிகிறதா?

நடை பழகும் பிள்ளைக்கு இழுக்கவோ தள்ளவோ ஒரு வண்டி வேண்டும். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் மூன்று சக்கரச் சிறுதேர் உருட்டுகிறார்கள்! காயப்போட்ட தானியத்தைக் கொத்த வந்த கோழிமேல் ஒரு பெண் காதணியைக் கழற்றி எறிய, அது விழுந்து சிறுதேருக்கு வழியை மறித்ததாம். குதிரை பூட்டாத அந்தத் தேர்தான் இன்று நம் வீட்டு நடைவண்டி. கோடையில் நுங்கு தின்று மிஞ்சிய பனங்காய் இரண்டைக் குச்சியில் கோத்து, கவைக்கம்பால் தள்ளிக்கொண்டு ஓடும் நுங்கு வண்டிக்கு எந்தக் கடை வண்டி ஈடு?

கீழடியில் மண்ணுக்கடியிலிருந்து என்னென்ன எடுத்தார்கள் தெரியுமா? ஆட்டக்காய்கள், பகடை, அப்புறம் உடைந்த பானை ஓட்டை உரசி வட்டமாக்கிய சில்லுகள்! என் பேத்தி பாண்டி ஆட மொட்டைமாடியில் கோலப்பொடியால் கட்டம் போட்டுத் தருகிறேன். அவள் சில்லை எறிகிறபோதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

இப்போது என் செல்ல விளையாட்டு, பல்லாங்குழி! பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி. குழிக்கு ஐந்து புளியங்கொட்டை போட்டால் 70 கொட்டை. (ஆறு போட்டும் ஆடுவார்கள்.) ஒவ்வொன்றாக இட்டுக்கொண்டே போகையில் ஒரு குழியில் நான்கு சேர்ந்துவிட்டால் "பசு!" என்று கூவி அள்ளிக்கொள்ளலாம். அதென்ன கணக்கு, நான்கு? எண்ணாமலே ஒரே பார்வையில் 'இத்தனை' என்று சொல்லிவிடும் திறன் மனிதக் கண்ணுக்கு ஏறக்குறைய நான்கு வரைதான் உண்டு, தெரியுமா? அதற்கு மேல் போனால் எண்ணியாக வேண்டும். நம் முன்னோர் இதை அறிந்துதான் வைத்தார்களா என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் என் பேத்தி பசுவைக் கண்டுபிடிக்கும் வேகத்தைப் பார்த்தால் அப்படித்தான் நினைக்கத் தோன்றுகிறது! ஆப்பிரிக்காவில் ஊருக்கு ஊர் ஆடும் மங்கலா விளையாட்டுகளும் நம் பல்லாங்குழியும் ஒரே குடும்பம். பலகை இல்லாவிட்டால் முட்டை அட்டை போதும். பன்னிரண்டு குழி வந்தாலும் ஆட்டம் ஓடும்.

ஒன்றே ஒன்று, கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். காயாகக் குன்றிமணியை மட்டும் எடுக்காதீர்கள். கறுப்புப் பொட்டு வைத்த அந்தச் சிவப்பு அழகுக்குள் அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கடித்து மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கையில் புளியங்கொட்டையும் வேண்டாம், தொண்டையில் சிக்கிக்கொள்ளும். அமெரிக்காவில் சின்னப் பிள்ளைகளின் பொம்மைகளைச் சோதிக்க 3.17 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு குழல் வைத்திருக்கிறார்கள். அதற்குள் அடங்கிப் போகிற எதுவும் மூன்று வயதுக்குக் கீழே கூடாது. பேத்தி பல்லாங்குழி ஆடும்போது என் பேரனுக்கு வேலை வேறு: கூடையிலிருக்கும் உருளைக்கிழங்கையும் பெரிய வெங்காயத்தையும் தனித்தனியாகப் பிரிப்பது. அரை மணி நேரம் ஆள் அசைய மாட்டான்!

சமையலறைக்குள் ஒரு கோயில் மணி இருக்கிறது தெரியுமா? எவர்சில்வர் கரண்டி ஒன்றை நீளமான நூலின் நடுவில் கட்டுங்கள். நூலின் இரு நுனியையும் இரு ஆள்காட்டி விரலில் சுற்றி, விரல்களைக் காதில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கரண்டி தொங்கியபடி மேசை விளிம்பில் மோதட்டும். வெளியே நமக்கு 'டிங்' என்று சின்ன சத்தம்தான். அந்தப் பிள்ளைக்கோ காதுக்குள் 'டோ...ங்' என்று ஆலயமணி! காற்றில் சிதறிப்போகும் அதிர்வு நூல் வழியாகவும் விரல் வழியாகவும் நேரே காதுக்குள் போகிறது. "ஆச்சி, இன்னொரு தடவ! இன்னொரு தடவ!" அன்று மத்தியானச் சோறு இறங்கவே மூன்று மணி ஆகிவிட்டது. (நூலைப் பிறகு கையோடு எடுத்து மேலே வைத்துவிடுங்கள், கழுத்தில் சுற்றிக்கொள்ளக் கூடாது.)

கடையில் விற்கும் வண்ண மாவு, பிளே-டோ, முதலில் என்னவாக இருந்தது தெரியுமா? சுவரில் ஒட்டிய காகிதத்திலிருந்து அடுப்புக்கரியைத் துடைக்கும் மாவு! அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் செய்தார்கள். வீடுகளில் நிலக்கரி அடுப்பு போய் எரிவாயு வந்ததும் விற்பனை படுத்துவிட்டது. மழலையர் பள்ளி ஆசிரியை ஒருவர் அதைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்க, 1956-இல் பொம்மையாகக் கடைக்கு வந்தது. நம் வீட்டில் இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு உப்பு, தண்ணீர், ஒரு சொட்டு எண்ணெய். நிறத்துக்கு மஞ்சள்தூளோ பீட்ரூட் சாறோ. உப்பு நிறைய இருப்பதால் தின்ன விடாமல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

வாசல்படியில் எறும்புச் சாரை போகிறதா? அந்தப் பாதையின் குறுக்கே விரலால் ஒரு தேய்ப்பு தேயுங்கள். எறும்புகள் திகைத்து நின்று, சுற்றிச் சுற்றித் தேடுவதைப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்ப்பார்கள்! முன்னே போனது விட்டுச் சென்ற வாசனைக் கோடு அழிந்துபோனதுதான் காரணம். பக்கத்தில் ஒரு சிட்டிகை அரிசிமாவு தூவிவிட்டு எத்தனை நிமிஷத்தில் கண்டுபிடிக்கின்றன என்று எண்ணச் சொல்லுங்கள். அப்படியே புள்ளி வைத்து ஒரு சிக்குக் கோலம்! 1970-களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் சகாக்களும் இந்தக் கோலங்களின் இலக்கணத்தைக் கணினி அறிவியல் ஆய்வாகவே எழுதினார்கள், தெரியுமா?

பரமபதம் இங்கிலாந்துக்குப் போய்ப் பாம்பும் ஏணியுமாக 1890-களில் விற்பனைக்கு வந்ததும், தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை விழாமல் நிமிர்வதற்கு அடிப்பாகத்தின் கனமும் உருண்டையும் காரணம் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அம்பாசமுத்திரம் மரச் சொப்பு வைத்துச் சோறு பொங்காத பெண்பிள்ளை எங்கள் பக்கம் உண்டா? இப்போது என் பேரனும் பொங்குகிறான்!

தண்ணீர் விளையாட்டு என்றால் மட்டும் ஒரு நொடிகூட நகராதீர்கள். சில அங்குலத் தண்ணீரே ஒரு கைக்குழந்தைக்கு ஆபத்து. விளையாடி முடிந்ததும் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள். செல்போனைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது: இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணிக்கு மேல் வேண்டாம். ஓடியாடும் நேரமோ, ஒன்று முதல் நான்கு வயது வரை நாளுக்கு 180 நிமிடம்! நம் வீட்டு வாண்டுகளுக்கு அது போதவே போதாது.

ஆறு மணிக்கு மகன் வண்டிச் சத்தம் கேட்கும்வரை மொட்டைமாடி எங்களுக்குத்தான். நேற்று பேத்தி இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடினாள், திரும்பி ஓடி வந்தாள். "ஆச்சி, நான் போற பக்கமெல்லாம் நிலாவும் வருது!" தென்னை மரம் பின்னால் போகிறது, தண்ணீர்த் தொட்டி பின்னால் போகிறது, நிலா மட்டும் கூடவே வருகிறது. ஏறக்குறைய 3,84,400 கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் அவளுடைய இருபது எட்டு அதற்கு ஒரு பொருட்டே இல்லை என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் ஓடினால் நிலா யார் பின்னால் போகும் என்று பார்க்க வேண்டுமாம்!