ஒரு வேம்புக்குப் பத்துக் கன்றுகள் ஈடாகுமா? மரங்களின் ஆற்றல் கணக்கு

புது டெல்லி:

தெற்கு டெல்லியில் ஐ.என்.ஏ. சந்தைக்கும் சவுத் எக்ஸ்டென்ஷனுக்கும் இடையே அமைந்துள்ள கிழக்கு கிட்வாய் நகரில், மத்திய அரசு ஊழியர்களின் பழைய தாழ்வான குடியிருப்புகள் இருந்த சுமார் 86 ஏக்கர் நிலத்தில் இன்று அடுக்குமாடிக் கட்டடங்கள் உயர்ந்து நிற்கின்றன. மத்திய அரசு நிறுவனமான என்.பி.சி.சி. இந்த மறுசீரமைப்பை மேற்கொண்டது. பழைய வீடுகளுடன் அவற்றின் முற்றத்து மரங்கள் பலவும் மறைந்தன. இதே போன்ற திட்டம் சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உள்ளிட்ட ஏழு குடியிருப்புகளுக்கு வந்தபோது, 2018 ஜூனில் மக்கள் மரங்களைக் கட்டித் தழுவிப் போராடினர். விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. அம்மாதம் 25-ஆம் தேதி மரம் வெட்டும் பணி தற்காலிகமாக நிறுத்தப்பட்டது.

அப்போது அதிகாரிகள் அளித்த பதில் புதியதன்று. டெல்லி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1994-இன் கீழ், வெட்டப்படும் ஒவ்வொரு மரத்துக்கும் ஈடாகப் பத்துக் கன்றுகள் நடப்படும் என்பதே அது. ஒன்றுக்குப் பத்து என்றால் லாபம் போலத்தான் தெரிகிறது. ஆனால் மரம் என்பது எண்ணிக்கையால் அளக்கப்படும் பொருளா? அது ஆற்றலைச் சம்பாதித்து, செலவழித்து, மிச்சம் பிடித்து வாழும் ஓர் உயிர். அதன் வரவு செலவைப் பார்த்தால் கணக்கு வேறாகிறது.

இலை ஈட்டுவது

மரத்தின் வருமானம் முழுவதும் இலையிலிருந்தே வருகிறது. வேர் உறிஞ்சிய நீரும், இலைத்துளைகள் வழியே நுழையும் கரியமில வாயுவும் அங்கே சந்திக்கின்றன. காற்றில் கரியமில வாயுவின் பங்கு சுமார் 0.04 சதவீதம் மட்டுமே. பச்சையம் சூரிய ஒளியைப் பற்றிக்கொண்டு நீரைப் பிளக்கிறது. பிராணவாயு வெளியேறுகிறது, எஞ்சிய ஹைட்ரஜன் கரியமில வாயுவுடன் சேர்ந்து சர்க்கரையாகிறது. சூரியனின் ஆற்றல் அந்தச் சர்க்கரையில் வேதிப் பிணைப்பாகப் பூட்டி வைக்கப்படுகிறது.

இது மிகச் சிறிய வருமானம். இலைகளின் மீது விழும் ஒளி ஆற்றலில் பொதுவாக 1 சதவீதம் அளவே தாவரத்தின் உடலாக மாறுகிறது. கூரையில் பொருத்தும் சூரியத் தகடு 20 சதவீதம் வரை மின்சாரமாக்கிவிடும். தகடு விதை விடுவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அரசமரம் இரவிலும் பிராணவாயு தருகிறது என்ற செய்தி கைப்பேசிகளில் அடிக்கடி வலம் வருகிறது. நீரைப் பிளப்பதற்கு ஒளி வேண்டும். எனவே இருளில் எந்த மரமும் பிராணவாயுவை வெளியிடுவதில்லை. மனிதரைப் போல அதை உட்கொள்ளவே செய்கிறது.

ஏன் உட்கொள்கிறது? சர்க்கரையை அப்படியே செலவழிக்க எந்த உயிரணுவாலும் இயலாது. மொத்தமாகக் கிடைத்த பெரிய நோட்டைச் சில்லறையாக மாற்றுவது போல, பிராணவாயுவின் துணையுடன் அதைச் சிறுகச் சிறுக எரித்து, ஏ.டி.பி. எனப்படும் அடினோசின் டிரைபாஸ்பேட் மூலக்கூறுகளாக மாற்ற வேண்டும். வேப்பமரம், அதில் அமரும் கிளி, அதன் நிழலில் நிற்கும் ஆட்டோ ஓட்டுநர் ஆகிய மூவருக்கும் இந்தச் சில்லறை ஒன்றே. ஒரு மனிதர் ஒரே நாளில் ஏறத்தாழத் தம் உடல் எடைக்கு நிகரான ஏ.டி.பி.யை ஆக்கிச் செலவழிக்கிறார். உடலில் எந்நேரமும் இருப்பதோ சில பத்து கிராம்கள் அளவுதான். அதுவே திரும்பத் திரும்பச் சுழல்கிறது.

இந்த மூலக்கூறைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்பதைப் பலர் அறியார். ஆந்திரத்தின் பீமவரத்தில் 1895-இல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், 1923-இல் அமெரிக்கா சென்றார். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் இணைந்து, உடல் திரவங்களில் பாஸ்பரஸை அளவிடும் முறையை உருவாக்கினார். அந்த அளவீட்டின் வழியே 1927-இல் தசையிலிருந்து பாஸ்போகிரியேட்டினும், 1929-இல் ஏ.டி.பி.யும் வெளிப்பட்டன. அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் தனியாக அதைக் கண்டறிந்தார். தசையின் ஆற்றல் குறித்து அதுவரை நிலவிய கருத்தை மாற்றிய சுப்பாராவுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. 1948-இல் நியூயார்க்கில் காலமானார்.

மாவுச்சத்து என்னும் சேமிப்பு

மரம் ஈட்டும் சர்க்கரையில் ஏறத்தாழப் பாதி அதன் சுவாசத்துக்கே செலவாகிவிடுகிறது. எஞ்சியது தண்டாக, கிளையாக, வேராக வளர்கிறது; ஒரு பகுதி மாவுச்சத்தாகத் தண்டிலும் வேரிலும் தங்குகிறது. இந்தச் சேமிப்பின் பயனை டெல்லியில் ஒவ்வோர் ஆண்டும் காணலாம். மார்ச் மாத வாக்கில் வேம்புகள் இலையுதிர்த்து, சில நாள்களில் செந்தளிர் விடுகின்றன. தளிர் விடும் நேரத்தில் ஈட்டித்தர முதிர்ந்த இலைகள் இல்லை. முந்தைய மாதங்களில் சேர்த்த மாவுச்சத்தே தளிராகிறது. அதை ஒட்டியே பூவும் வருகிறது. சித்திரை முதல் நாளில் டெல்லித் தமிழர் வீடுகளில் பச்சடியாகும் வேப்பம்பூவுக்குப் பின்னாலும் இந்தச் சேமிப்பு இருக்கிறது.

மரங்களை வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடும் திட்டம் தடுமாறுவது இங்கேதான். பெயர்க்கும்போது மண் உருண்டையுடன் தடித்த வேர்கள் வருகின்றன. நீரை உறிஞ்சும் நுண்வேர்களில் பெரும்பகுதி பழைய குழியிலேயே தங்கிவிடுகிறது. நீரிழப்பைக் குறைக்கக் கிளைகளையும் கழிக்கிறார்கள். வருமானம் தரும் இலையும் இல்லை, நீர் தரும் வேரும் இல்லை. இரண்டையும் சேமிப்பிலிருந்தே மீட்டாக வேண்டும். சேமிப்பு தீருவதற்குள் புதிய வேர் பிடித்தால் மரம் பிழைக்கும். இல்லையெனில் தளிர்விட்ட பிறகும் அது பட்டுப்போகும். தளிரைக் கண்டவுடன் மரம் பிழைத்தது என அறிவிப்பது அவசரம். அது கையிருப்பின் கடைசிச் செலவாகவும் இருக்கலாம்.

டெல்லி அரசின் 2020-ஆம் ஆண்டு மரப் பெயர்ப்புக் கொள்கை, பெயர்க்கப்பட்ட மரங்களில் 80 சதவீதம் ஓராண்டு முடிவில் உயிருடன் இருக்க வேண்டும் என்று இலக்கு வகுத்தது. 2022-இல் உயர் நீதிமன்றத்தில் அரசு அளித்த விவரப்படி, முந்தைய மூன்றாண்டுகளில் பெயர்த்து நடப்பட்ட 16,461 மரங்களில் பிழைத்தவை மூன்றில் ஒரு பங்கே.

இனி, பத்துக் கன்றுகள். 10 மீட்டர் அகலக் குடை கொண்ட மரம் ஒன்று சுமார் 78 சதுர மீட்டர் நிலத்தின் மீது விழும் ஒளியைப் பிடிக்கிறது. அரை மீட்டர் அகலமுள்ள கன்று பிடிப்பது 0.2 சதுர மீட்டர். பத்துக் கன்றுகள் சேர்ந்தாலும் 2 சதுர மீட்டரைத் தாண்டாது. ஒளி பிடிக்கும் பரப்பில் மட்டும் நாற்பதில் ஒரு பங்கு. பெரிய மரத்தில் இலைகள் பல அடுக்காக இருப்பதால் உண்மையான இடைவெளி இன்னும் பெரிது. கன்றுகள் தம் அளவுக்கு விரைவாக வளரக்கூடியவை என்பது நியாயமான எதிர்வாதம். ஆயினும் அவை அந்த அளவை எட்டப் பல பத்தாண்டுகள் பிழைத்திருக்க வேண்டும். நட்ட இடம் நகருக்கு வெளியே என்றால், வெட்டப்பட்ட தெருவுக்கு அதன் நிழல் ஒருபோதும் வந்து சேராது.

வெயில், தூசி, சிமென்ட்

எஞ்சி நிற்கும் மரங்களின் நிலையும் எளிதன்று. கிட்வாய் நகருக்கு மிக அருகில் உள்ள சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 2024 மே 29 அன்று 46.8 டிகிரி செல்சியஸ் பதிவானது. இத்தகைய வெப்பத்தில் நீரைக் காக்க இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன. உணவு தயாரிப்பு குறைகிறது. சுவாசச் செலவோ வெப்பத்துடன் ஏறுகிறது. வரவு சுருங்க, செலவு பெருகும் நாள்கள் அவை. குளிர்காலத்தில் வேறு சிக்கல்: புகைமூட்டம் ஒளியை மட்டுப்படுத்துகிறது, இலை மேல் படியும் தூசி துளைகளை அடைக்கிறது. நவம்பரில் மரங்கள் மீது நீர் பீய்ச்சப்படுவது காற்றிலுள்ள தூசியை அடக்குவதற்காக. இலைகளுக்கும் அதனால் சிறிது நன்மை உண்டு.

மிகக் குறைவாகப் பேசப்படுவது வேரின் சுவாசம். வேருக்கு ஒளி கிடைப்பதில்லை. இலை அனுப்பும் சர்க்கரையை எரித்தே அது நீரையும் உப்புகளையும் இழுக்கிறது. அதற்குத் தேவையான பிராணவாயு மண்ணின் துளைகள் வழியே வர வேண்டும். நடைபாதைக்காக அடிமரத்தை ஒட்டிச் சிமென்ட் பூசினால், மரம் மெல்ல மூச்சுத் திணறுகிறது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013 ஏப்ரலில், டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தொலைவுக்கு உள்ள கான்கிரீட்டை அகற்ற உத்தரவிட்டது. உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் குடையின் விளிம்பு வரையும் அதற்கு அப்பாலும் பரவுவதால், இந்த ஒரு மீட்டர் குறைந்தபட்ச அளவே.

இந்தக் குடியிருப்பு யார் பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்த ரஃபி அகமது கிட்வாய் 1952 முதல் 1954-இல் மறையும் வரை நாட்டின் உணவு, வேளாண் அமைச்சராக இருந்தவர். தானியக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியவர் என்று நினைவுகூரப்படுகிறார். கிட்வாய் நகரில் வேம்பு, அரசு, நாவல் எதுவாயினும், அடிமரத்தைச் சுற்றிச் சிமென்ட் இருப்பதைக் காண்போர் டெல்லி வனத்துறையிடம் புகார் அளிக்கலாம்.