நாய் வண்டியில் வருபவரின் பதவிப் பெயர் என்ன?

சாந்தோம் தேவாலயத்திலிருந்து நொச்சிக்குப்பம் வரை லூப் சாலையில் விடியற்காலையில் நடந்தவர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். மாநகராட்சியின் நாய் வண்டி ஓரமாக நிற்கும். வலையுடன் இருவர் இறங்குவார்கள். மீன் அங்காடியைச் சுற்றித் திரியும் நாய்கள் அவர்களைத் தொலைவிலேயே அடையாளம் கண்டு குரைக்கும். நடைப்பயிற்சிக்கு வந்தவர்களில் சிலர் "பாவம், விட்டுவிடுங்கள்" என்பார்கள். சிலர் "எல்லாவற்றையும் கொண்டுபோங்கள்" என்பார்கள். இரு தரப்பாரும் அந்த இருவரின் பெயரைக் கேட்பதில்லை. அவர்கள் கடிபடாமல் இருக்கத் தடுப்பூசி போட்டுக்கொண்டார்களா என்றும் கேட்பதில்லை.

தெருநாய்ச் சிக்கல் குறித்த விவாதம் கடந்த ஓராண்டாக உச்ச நீதிமன்றம் வரை சென்று நிற்கிறது. 2025 ஆகஸ்ட் 11 அன்று தில்லித் தெருநாய்களைக் காப்பகங்களுக்கு மாற்றுமாறு பிறந்த உத்தரவும், ஆகஸ்ட் 22 அன்று அது திருத்தப்பட்டு, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றானதும் நாமறிந்தவை. நாயின் உரிமை, கடிபட்ட குழந்தையின் உரிமை என்ற இரண்டு பக்கங்களிலேயே வழக்கு நடக்கிறது. வேலையைச் செய்பவரின் உரிமை என்ற மூன்றாவது பக்கம் எந்த மனுவிலும் முதன்மை பெறவில்லை.

கணக்கைப் பாருங்கள். 2024 கணக்கெடுப்பின்படி சென்னையில் ஏறக்குறைய 1.81 லட்சம் தெருநாய்கள் உள்ளன. ஒரு பகுதியில் உள்ள நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டால்தான் ரேபிஸ் பரவும் சங்கிலி அறும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அப்படியானால் 1.26 லட்சம் நாய்களுக்கு மேல் ஊசி போட வேண்டும். நாய்கள் புதிதாகப் பிறந்துகொண்டே இருப்பதால் இது ஒருமுறை செய்துவிட்டு ஓயும் வேலையும் அன்று. உலகில் ரேபிஸால் இறப்போரில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் இந்தியர். அவர்களில் பெரும்பகுதி ஏழைகளும் குழந்தைகளும். ஆகவே இது நம் பிள்ளைகளின் உயிர் பற்றிய கேள்வியும்கூட.

இத்தனை நாய்களையும் கால்நடை மருத்துவர் ஒருவரே கையாள முடியுமா? கருத்தடை மையத்துக்கு வரும் நாயைப் பிடித்து, எடை பார்த்து, மயக்கமருந்துக்கு ஆயத்தப்படுத்தி, வயிற்று மயிரை மழித்து, கருவிகளைக் கிருமி நீக்கி, அறுவையின்போது மூச்சையும் நாடியையும் கவனித்து, பிறகு காயம் ஆறும்வரை கூண்டில் வைத்துப் பேண வேண்டும். கூண்டுச் சுத்தம் தவறினால் பார்வோ வைரஸ் ஒரே வாரத்தில் மையத்தையே காலி செய்துவிடும். கத்தி பிடிக்கும் அந்தச் சில நிமிடங்கள் மட்டுமே மருத்துவருடையவை. மற்ற அனைத்தும் வேறொருவரின் திறன். அமெரிக்காவில் அந்த வேறொருவர் ஈராண்டுப் படிப்பும் தேர்வும் முடித்த கால்நடை மருத்துவ டெக்னீஷியன். பிரிட்டனில் அவர் பதிவு பெற்ற கால்நடைச் செவிலியர்; 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, மருத்துவரின் வழிகாட்டுதலில் உடற்குழிக்குள் செல்லாத சிறு அறுவையைச் செய்யவும் அவருக்கு இடமளிக்கிறது. இங்கே அவர் 'நாய் பிடிக்கிறவர்'.

அப்பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. 1996 வரை சென்னையில் பிடிபட்ட தெருநாய்களை மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். அவ்வாண்டில்தான் மாநகராட்சி கொல்வதை விட்டுக் கருத்தடைக்கு மாறியது. வேலை தலைகீழாயிற்று. கொல்லக் கொண்டுசென்றவர் இப்போது பிழைக்கவைத்துத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார். 2023-இல் வந்த விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள், இடுக்கியும் கம்பியும் கூடாது, வலையாலோ கையாலோ நோகாமல் பிடிக்க வேண்டும் என்கின்றன. கையால் பிடி என்று விதி எழுதினால், அந்தக் கைக்குப் பயிற்சி வேண்டும் என்பதும் அதனுள் அடங்கியதே. தெரு அவரை அழைக்கும் பெயர் மட்டும் மாறவில்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சட்டத்தின் முன் எல்லாமே அதில்தான் இருக்கிறது. பணியில் கடிபட்ட ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவருக்காக நாங்கள் விண்ணப்பம் எழுத அமர்ந்தபோது, 'வேலையின் தன்மை' என்ற கட்டத்தில் எதை எழுதுவதென்று தெரியாமல் நின்றோம். அவரிடம் நியமனக் கடிதம் இல்லை. ஒரு தாளில் 'உதவியாள்', இன்னொன்றில் 'துப்புரவு'. குறைந்தபட்சக் கூலிப் பட்டியல் தொழிலாளரைத் திறனற்றோர், பகுதித் திறனுடையோர், திறனுடையோர் என்று பிரிக்கிறது. இழப்பீட்டுக் கணக்கோ மாதக் கூலியிலிருந்து தொடங்குகிறது. சீறும் நாயின் காதசைவைப் பார்த்தே அது கடிக்குமா என்று சொல்லக்கூடிய ஒருவரைத் 'திறனற்றவர்' என்று ஒரு தாள் சொன்னால், அவருடைய கைவிரலின் விலையும் அதற்கேற்பக் குறைகிறது.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், 1984-இன் பிரிவு 30, பதிவு பெற்ற மருத்துவர் தவிர வேறெவரும் கால்நடை மருத்துவம் பார்க்கக் கூடாது என்கிறது. ஆனால் அதன் காப்புரை, மாநிலக் கால்நடைப் பராமரிப்புத் துறையோ ஒரு கால்நடை மருத்துவ நிறுவனமோ வழங்கிய பட்டயம் அல்லது சான்றிதழ் உள்ளவரை, மருத்துவரின் மேற்பார்வையில் 'சிறு கால்நடை மருத்துவப் பணிகள்' செய்ய மாநில அரசு ஆணையிட்டு அனுமதிக்கலாம் என்கிறது. தடுப்பூசி, காயத்துக்குக் கட்டுப்போடுதல் ஆகியவற்றை அச்சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. வேறு பணிகளையும் அரசு அறிவிக்கையால் சேர்க்கலாம். ஊர்ப்புறத்தில் கால்நடை ஆய்வாளர், கால்நடைப் பராமரிப்பு உதவியாளர் என்ற பதவிகள் உள்ளன. அவை மாட்டையும் ஆட்டையும் மனத்தில் வைத்து அமைந்தவை. நகரத்து நாய்க்கும் பூனைக்கும் உரிய பாடத்திட்டத்தை வகுக்கத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1903-இல் தொடங்கிய வேப்பேரிக் கல்லூரி அதன் கீழ்தான் இயங்குகிறது.

இங்கே நம் தரப்பிலிருந்தே ஓர் எதிர்ப்பு எழும், எழவும் வேண்டும். செத்த மாட்டைத் தூக்குவதை விடுங்கள் என்று 1927-இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர் அறைகூவினார். 2016-இல் குஜராத்தின் உனாவில், செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக நம் இளைஞர்கள் கட்டிவைத்து அடிக்கப்பட்டபோது, பிணத்தைத் தூக்க மாட்டோம் என்று மக்கள் அதை வீதியில் போட்டுப் போராடினார்கள். அப்படியிருக்க, நாய் பிடிக்கப் பயிற்சி கேட்பது பழைய தொழிலுக்குப் புதுச் சட்டை மாட்டுவதாகாதா? பயிற்சி 'அவர்களுக்கு' மட்டும் என்று வந்தால், ஆம், அதுவே நடக்கும். இட ஒதுக்கீடு இல்லாமலே நம்மவருக்கு 'ஒதுக்கப்பட்ட' வேலைகள் இந்த நாட்டில் ஏராளம். அந்தப் பட்டியலில் இன்னொன்றைச் சேர்க்க நாம் கேட்கவில்லை. இந்தப் படிப்பு எல்லாச் சாதிப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கும் படிப்பாக, அரசுப் பதவியாக, இனச்சுழற்சி முறையில் நிரப்பப்படுவதாக இருக்க வேண்டும். இப்போது பணியில் இருப்போரின் அனுபவத்தைத் தேர்வு வைத்து அளந்து சான்றிதழ் தர வேண்டும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி இல்லை என்று வாசலிலேயே அவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. பாலிடெக்னிக் முடித்தவர் பொறியியலில் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்வதுபோல், இதைப் படித்தவர் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்புக்கு ஏறும் படியும் வேண்டும். அந்தப் படி இல்லையேல் இது தொழிற்பயிற்சி என்ற பெயரில் இன்னொரு சேரி.

கல்லூரி மாணவர்கள் இதில் உடனே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்கீழ் உங்கள் மாநகராட்சிக்கு விண்ணப்பியுங்கள். நாய் இனக்கட்டுப்பாட்டு மையங்களில் மருத்துவர் அல்லாத பணியாளர் எத்தனை பேர், அவர்களில் நிரந்தரப் பணியாளர் எத்தனை பேர், ஒப்பந்தத்தில் அவர்கள் எந்தக் கூலி வகையில் வைக்கப்பட்டுள்ளனர், கடிபடும் முன்பே போட வேண்டிய ரேபிஸ் தடுப்பூசி எத்தனை பேருக்கு எந்தத் தேதியில் போடப்பட்டது, பயிற்சி அளித்தது யார் என்று கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். பதில் 30 நாட்களுக்குள் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீட்டை எழுத நாங்கள் உடன் அமர்வோம்.